கூரை மேல் ஐந்து முறை: ஆர்ஹூஸ் 2019 உலக கிராஸ் கன்ட்ரி தடம் எப்படி?

31 நிமிடம் 40 விநாடி. 2019 மார்ச் 30 அன்று டென்மார்க்கின் ஆர்ஹூஸில் நடந்த உலக கிராஸ் கன்ட்ரி (புல், சேறு, மேடு பள்ளம் என்று திறந்தவெளியில் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) சாம்பியன்ஷிப்பில் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் ஆண்கள் ஓட்டத்தை ஜெயித்த நேரம் அது. அதே ஆள் அதே வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி வலென்சியா சாலையில் 10 கிலோமீட்டரை 26 நிமிடம் 38 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். ஆர்ஹூஸில் தூரம் பத்துக்கு மேல் இருநூறு மீட்டர் சொச்சம் கூடுதல். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு கிலோமீட்டருக்கு 25 விநாடி காணாமல் போயிருக்கிறது. அந்த 25 விநாடியைத் தின்றது எது, அது நியாயமாகத் தின்றதா என்று பார்ப்பதற்குத்தான் இந்த மதிப்புரை. போட்டியின் ஒளிப்பதிவைப் பார்க்க உட்காருகிறவர்களுக்கும், அந்தப் பக்கம் போனால் அந்தச் சரிவில் கால் வைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

முதலில் இடம். ஆர்ஹூஸ் நகரத்துக்குத் தெற்கே, ஹாய்பியர் பகுதியில் மோஸ்கோர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஹென்னிங் லார்சன் நிறுவனம் வடிவமைத்த புதிய கட்டடம் 2014-இல் திறக்கப்பட்டது. அதன் கூரை ஒரே சாய்தளம். ஒரு முனை தரையோடு தரையாக ஒட்டியிருக்கும். அங்கிருந்து புல்வெளி அப்படியே மேலேறிப் போய் மறுமுனையில் கட்டடத்தின் உச்சியாக முடியும். வெயில் காலத்தில் ஊர்க்காரர்கள் அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பனி விழுந்தால் பிள்ளைகள் சறுக்குவண்டியோடு வந்துவிடுவார்கள். உள்ளே சதுப்பு நிலத்தில் கிடைத்த, இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழைய கிராபல்லே மனிதனின் உடல் இருக்கிறது. அவருக்கு மேலேதான் அன்றைக்கு உலகத்தின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்கள் மூச்சு வாங்கினார்கள்.

படம் பிடிக்க அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கூரையைச் சேர்த்திருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. உலகத் தடகள விதிப்படி கிராஸ் கன்ட்ரி தடம் சுற்றுப்பாதையாக இருக்க வேண்டும். ஒரு சுற்று 1500 முதல் 2000 மீட்டர். அதற்குள் குறைந்தது 10 மீட்டர் ஏற்றம். பத்து மீட்டர் என்பது சும்மா மூன்று மாடி உயரம். அதையும் சுற்று முழுக்கப் பரப்பிவிட்டால் ஓடுகிறவர் காலுக்குத் தெரியவே தெரியாது. பல நாட்டு அமைப்பாளர்கள் அப்படித்தான் விதியைப் பூர்த்தி செய்கிறார்கள். ஆர்ஹூஸ்காரர்கள் ஏற்றத்தைச் சில்லறையாகச் செலவழிக்காமல் ஒரே இடத்தில் மொத்தமாகக் கொடுத்தார்கள். சரிவு பத்துக்கு ஒன்று என்ற அளவை எட்டுகிறது. சுற்று ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ஆண்களும் பெண்களும் ஐந்து சுற்று, ஆக ஐந்து முறை கூரை ஏற்றம். இருபது வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு நான்கு, பெண்களுக்கு மூன்று.

பத்து சதவீதச் சரிவு உடம்பை என்ன செய்யும்? சமதளத்தில் ஒரு மீட்டர் ஓடச் செலவாகும் சக்தியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல், கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மடங்கை நெருங்கி, அதே மீட்டரை மேலேறி ஓட ஆகும். இறங்கும்போது திரும்பக் கிடைப்பது சமதளச் செலவில் ஐந்தில் இரண்டு பங்குதான். நூறு ரூபாய்ப் பயணத்துக்குப் போகும்போது அறுபத்தைந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, வரும்போது நாற்பது ரூபாய் தள்ளுபடி வாங்குகிற மாதிரி. ஒவ்வொரு சுற்றிலும் இந்த நஷ்டம் சேர்ந்துகொண்டே போகும். அதுபோக, ஏறும்போது வேகத்தைக் குறைக்காமல் முன்னால் இருப்பவரோடு ஒட்டிக்கொண்டே போனால் ரத்தத்தில் லாக்டேட் (தசை கடுமையாக உழைக்கும்போது சேரும் பொருள்) ஏறி, உச்சியில் திரும்பும்போது தொடை கல்லாகிவிடும். இறக்கத்தில் கால் நீட்டி ஓட வேண்டிய இடத்தில் ஓட முடியாது. ஆகவே கூரையில் இழந்ததைக் கூரையிலேயே எடுக்க முடிகிறதா என்பதுதான் ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் வைக்கப்பட்ட கேள்வி.

இறக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏற்றத்தைத்தான் கவனிப்பார்கள். கிராஸ் கன்ட்ரியில் வழுக்கி விழுவது பெரும்பாலும் இறக்கத்தில். காரணம் ஷூ. ஸ்பைக் ஷூவில் ஆணிகள் பாதத்தின் முன்பாதியில்தான் இருக்கும், குதிகால் பக்கம் வெறும் ரப்பர் அல்லது நுரை. ஏறும்போது முன்பாதம் மண்ணில் குத்துவதால் நல்ல பிடிப்பு. இறங்கும்போது பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தால் குதிகால் முதலில் விழும். ஈரப்புல்லில் குதிகால் ரப்பருக்கு எந்தப் பிடிப்பும் கிடையாது, அப்படியே வழுக்கும். தெரிந்தவர்கள் இறக்கத்தில் உடம்பைச் சரிவோடு சேர்த்து முன்னால் சாய்த்து, அடியைக் குட்டையாக்கி, கையைக் கொஞ்சம் அகலமாக வைத்துக்கொண்டு, முன்பாதத்திலேயே இறங்குவார்கள். ஒளிப்பதிவில் கூரை உச்சியில் திரும்பும் இடத்தை மட்டும் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். முதல் பத்துப் பேரின் முழங்கைக்கும் ஐம்பதாவது ஆளின் முழங்கைக்கும் இருக்கிற வித்தியாசம் போதும்.

ஆணி நீளம் அடுத்த தலைவலி. செயற்கைத் தடத்தில் 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. மண், புல் போன்ற தரைக்கு 25 வரை விதி விடுகிறது. நடைமுறையில் காய்ந்த புல்லுக்கு 9, ஈரப்புல்லுக்கு 12, சேறென்றால் 15 என்று மாட்டுவார்கள். ஆர்ஹூஸ் தடத்தில் புல் இருந்தது, செயற்கையாகப் போட்ட சேற்றுப் பள்ளம் இருந்தது, மணல் இருந்தது, தண்ணீர்க் குழி இருந்தது. சேற்றை நினைத்து 15 மாட்டினால் கெட்டியான இடத்தில் ஆணி முழுவதும் இறங்காமல் பாதம் மேடை மேல் நிற்கிற மாதிரி ஆடும், கணுக்கால் பிசகும். கூரையை நினைத்து 9 மாட்டினால் சேற்றில் பிடிக்காது. இப்படிக் கலந்த தரைக்கு 12 தான் நடுவழி. நீள ஆணிகளுக்கு இன்னொரு வம்பு: களிமண் ஆணிகளுக்கு நடுவே அப்பிக்கொண்டால் அடுத்த முந்நூறு மீட்டருக்கு ஆணி இருந்தும் இல்லாத கணக்குதான், ஷூவின் எடையும் கூடிவிடும். ஓட்டம் முடிந்த அன்றே ஆணிகளைக் கழற்றி, திருகுத் துளையைத் துடைத்து, துளி கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டாவிட்டால் அடுத்த வாரம் துருப்பிடித்து ஸ்பைக் சாவிக்கே அசையாது.

செயற்கைத் தடைகளுக்கு மதிப்பெண் குறைக்கத்தான் வேண்டும். விதிப்புத்தகமே செயற்கைத் தடைகளைக் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது. வைத்தே ஆக வேண்டுமென்றால் திறந்தவெளியில் இயற்கையாக எதிர்ப்படுவது போல இருக்க வேண்டும் என்கிறது. தண்ணீர்க் குழியும் சேறும் அந்த நிபந்தனையில் தேறிவிடும். வைக்கிங் வேஷம் போட்டவர்கள் கூச்சல் போட்ட பகுதி வெறும் வேடிக்கை. பார்வையாளருக்கு நல்ல சந்தோஷம், ஓட்டத்தின் முடிவில் அதற்கு ஒரு பங்கும் இல்லை. சேற்றுப் பள்ளத்துக்கும் பெரிய பங்கில்லை என்றே சொல்ல வேண்டும். சில அடிகள்தான், தாண்டியதும் எல்லாரும் மறுபடி ஒட்டிக்கொள்கிறார்கள். ஆளைப் பிரித்தது கூரை ஒன்றுதான்.

இதைச் சும்மா சொல்லவில்லை. முதலில் வந்தவருக்கும் மூன்றாவதாக வந்தவருக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். கூரையை மூன்று முறை ஏறிய இளம் பெண்கள் ஓட்டத்தில் கென்யாவின் பியாட்ரிஸ் செபெட், எத்தியோப்பியாவின் அலெமிட்டு டாரிக்கு, ட்சிகி கெப்ரெசெலாமா மூவருக்கும் ஒரே நேரம், 20 நிமிடம் 50 விநாடி. புகைப்படம் பார்த்துத்தான் செபெட்டுக்குத் தங்கம் என்று முடிவானது. நான்கு முறை ஏறிய இளம் ஆண்கள் ஓட்டத்தில் எத்தியோப்பியாவின் மில்கேசா மெங்கேஷா 23:52, மூன்றாமவர் 23:55. ஐந்து முறை ஏறிய பெண்கள் ஓட்டத்தில் இடைவெளி 10 விநாடி, ஆண்களில் 15. தூரம் கூடினாலும் இடைவெளி கூடத்தான் செய்யும், ஒத்துக்கொள்கிறோம். அதற்காகவே 2024-இல் செர்பியாவின் பெல்கிரேடில் நடந்த இதே சாம்பியன்ஷிப்பை எடுத்து அருகில் வைக்க வேண்டும். அங்கேயும் 10 கிலோமீட்டர்தான். குரோஷியாவில் நடக்க வேண்டிய போட்டி கைமாறி, ஊஷ்சே பகுதியின் நட்புப் பூங்காவில், பெரும்பாலும் சமதளத்தில், வைக்கோல் கட்டுகளைத் தாண்டி ஓடினார்கள். ஆண்களில் உகாண்டாவின் ஜேக்கப் கிப்லிமோ 28:09, மூன்றாமவர் 28:14. பெண்களில் அதே செபெட் 31:05, மூன்றாமவர் 31:09. வைக்கோல் கட்டு யாரையும் பிரிக்கவில்லை என்று இந்த எண்களே சொல்கின்றன. ஒரு கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 49 விநாடி என்று போகிற ஆண்கள் ஓட்டத்தைப் பூங்காவுக்குள் நடந்த சாலை ஓட்டம் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

2023-இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட், மவுண்ட் பனோரமாவில் நடந்தது வேறு ரகம். மேடு, திராட்சைத் தோட்டத்துக்குள் ஒரு வளைவு, பிப்ரவரி மாதக் கொளுத்தும் வெயில். கிப்லிமோ 29:17, மூன்றாவதாக வந்த செப்டெகெய் 29:37. இடைவெளி 20 விநாடி, ஆர்ஹூஸைவிட அதிகம். ஆனால் அதில் மலைக்கு எவ்வளவு, வெயிலுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பெண்கள் ஓட்டத்தில் முன்னணியில் வந்த எத்தியோப்பியாவின் லெட்டெசென்பெட் கிடே முடிவுக்கோட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சரிந்து விழுந்தார்; ஒருவர் தூக்கிவிட்டதால் தகுதிநீக்கமும் ஆனார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே வெயில் கதைதான். 38 பேர் புறப்பட்டு 15 பேர் முடித்தார்கள், அதோடு கிராஸ் கன்ட்ரிக்கு ஒலிம்பிக்கில் கதவு சாத்தியாயிற்று. வெயில் ஆளைப் பிரிப்பதைவிட ஆளைக் கவிழ்ப்பது அதிகம். மார்ச் கடைசியில், டென்மார்க்கில், நிலத்தின் சரிவை மட்டும் வைத்துப் பதினைந்து விநாடி பிரித்ததுதான் ஆர்ஹூஸின் சாமர்த்தியம்.

ஆண்கள் ஓட்டத்தை மட்டும் ஒருமுறை முழுதாகப் பார்ப்பது நல்லது. அதற்கு முன் 2017-இல் உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த இதே சாம்பியன்ஷிப் நினைவில் இருக்க வேண்டும். சொந்த நாட்டில், கொலோலோ விமான ஓடுதளத்தில், செப்டெகெய் பெரிய முன்னிலையோடு கடைசிச் சுற்றுக்குள் வந்து, கால் பின்னிக்கொண்டு, தள்ளாடி, 30-ஆவதாக முடித்தார். தங்கம் கென்யாவின் ஜெஃப்ரி காம்வோரோருக்குப் போனது. அன்றைய தப்பு ரொம்பச் சாதாரணமான தப்பு: சீக்கிரம் பிரிந்துபோனது. ஆர்ஹூஸில் அதே செப்டெகெய் கடைசி வரை கூட்டத்தோடு இருந்து, காம்வோரோர் களைக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அவிழ்த்துவிட்டார். நான்கு விநாடி பின்னால் 31:44-இல் அதே நாட்டுக் கிப்லிமோ. அப்போது அவருக்கு வயது 18. இளையோர் ஓட்டத்தில் ஓடும் தகுதி இருந்தும் பெரியவர்களோடு ஓடினார். தொடர்ந்து மூன்றாவது பட்டத்துக்கு வந்த காம்வோரோர் 31:55-இல் மூன்றாவது.

ஆனால் அன்றைய உண்மையான சேதி அதற்கும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கிராஸ் கன்ட்ரியில் தனிநபர் பதக்கத்தைவிட அணிப் பட்டத்தைப் பெரிதாக நினைக்கிறவர்கள் நிறைய. ஒரு நாட்டுக்கு ஆறு பேர் ஓடலாம்; முதலில் வரும் நான்கு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள்; குறைந்த கூட்டுத்தொகைக்குத் தங்கம். உகாண்டாவுக்கு 1, 2 போக, தாமஸ் அயேகோ 7, ஜோயல் அயேகோ 10. மொத்தம் 20. 1981 முதல் 2017 வரை ஆண்கள் அணிப் பட்டம் எத்தியோப்பியா, கென்யா இரண்டைத் தாண்டி எங்கும் போனதில்லை. அந்தப் பூட்டை உடைத்தது தங்கமும் வெள்ளியும் மட்டுமல்ல, ஏழாவது பத்தாவது இடங்களும் சேர்ந்துதான். பத்தாவதாக வந்தவர் இருபது இடம் பின்தங்கி, வேறு உகாண்டாக்காரரும் அவரை முந்தாமல் இருந்திருந்தால் கூட்டுத்தொகை 40 ஆகியிருக்கும், கதை கடைசிவரை இழுபறியாகியிருக்கும்.

இங்கேதான் இந்த விளையாட்டின் ஒளிபரப்பில் நிரந்தரக் குறை. கேமரா முதல் மூவரை விட்டு நகராது. அணிப் புள்ளி சுற்றுக்குச் சுற்று மாறுவது திரையில் எப்போதாவது ஒருமுறை எட்டிப்பார்க்கும். பார்க்கிறவர்கள் ஒரு தாளில் நாட்டுப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, கூரை ஏறும்போது சட்டை நிறத்தைப் பார்த்து முதல் இருபது பேரை எண்ணிக் குறித்துக்கொள்வது நல்லது. ஆர்ஹூஸில் இது முடிகிறது என்பது கூரைக்கு இன்னொரு நல்ல மதிப்பெண். சரிவில் எல்லாரும் நீளமாகப் பிரிந்து வருவதால் மேலிருந்து எடுக்கும் காட்சியில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தெரிவார்கள். பெல்கிரேடின் சமதளத்தில் ஒரே கும்பல், எண்ண முடியாது.

பெண்கள் ஓட்டத்தில் கென்யாவின் ஹெலன் ஒபிரி 36:14, தேரா திடா 36:16, கிடே 36:24. ஒபிரி 3000, 5000 மீட்டர் ரகம், கடைசி வேகம் கையில் இருப்பவர். மேடு வைத்தால் மலையோட்டக்காரர்களுக்குத்தான் லாபம் என்ற பொதுப் பேச்சை இந்த முடிவு கொஞ்சம் அடக்கி வைக்கிறது. உள்ளரங்கு, வெளியரங்கு, கிராஸ் கன்ட்ரி மூன்றிலும் உலகப் பட்டம் வென்ற முதல் பெண் என்ற பெயரும் அன்றோடு அவருக்கு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தூரம் என்ற ஏற்பாடு 2017-இல்தான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் அவர்களுக்கு ஐந்து ஏற்றம் கிடைத்திருக்காது. கலப்புத் தொடர் ஓட்டத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு ஆண், இரண்டு பெண், ஆளுக்கு ஒரு சுற்று, எத்தியோப்பியாவுக்குத் தங்கம். யார் முன்னால் இருக்கிறார்கள் என்பதே ஆணும் பெண்ணும் மாறி மாறி ஓடுவதால் குழம்பிப்போகும்.

புறப்படும் இடத்தைக் கவனியுங்கள். நூறு பேருக்கு மேல் ஒரே கோட்டில் நின்று கிளம்பும்போது முதல் 300 மீட்டருக்குள் குறுகலான இடமோ தடையோ வரக்கூடாது என்பது விதி. அந்த முந்நூறு மீட்டரில் பின்தங்கியவர் முதல் ஏற்றத்தில் முண்டியடித்து முன்னுக்கு வர முயன்றால் என்ன ஆகும் என்பது முதலாம் சுற்றின் கூரையிலேயே தெரிந்துவிடும்; இரண்டாம் சுற்றில் அவர்கள் பெயரைத் தேட வேண்டியிருக்கும்.

நேரில் போகிறவர்களுக்கு: ஆர்ஹூஸ் நகர மையத்திலிருந்து பேருந்து மோஸ்கோர் அருங்காட்சியகம் வரை போகிறது. கோபன்ஹேகனிலிருந்து ஆர்ஹூஸுக்கு ரயிலில் மூன்று மணி நேரம் போல ஆகும். ஊரில் ஸ்பைக் ஷூ வைத்திருந்தாலும் எடுத்துப் போக வேண்டாம். அது பொதுமக்கள் உட்காரும் புல்வெளி, பள்ளம் பிடித்த அடிப்பாகம் உள்ள டிரெயில் ஷூ போதும். முதல் முறை நடந்தே ஏறி, உச்சி விளிம்பு எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் கட்டடத்தின் செங்குத்துச் சுவர். பிறகு ஐந்து முறை, ஒவ்வொரு முறைக்கும் நடுவே கீழே இரண்டு மூன்று நிமிடம் மெதுவோட்டம். கடிகாரத்தில் முதல் ஏற்றத்தின் நேரத்தையும் ஐந்தாவதன் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொண்டால் போதும். ஐந்தாவது பத்து விநாடிக்கு மேல் கூடியிருந்தால், முதலாவதை வேகமாக ஓடிவிட்டீர்கள்.